பேசினுக்கு அடியில்

"இந்தப் பாம்பு தானாவே வந்து இங்க உக்காந்துச்சாம்மா?"

ஒரு கண்காட்சியில், அப்பா எடுத்த படத்துக்கு முன்னால் நின்றபடி, நடுவராக வந்திருந்த பெண்மணி அவளிடம் கேட்ட கேள்வி. கேட்டு வருடங்களாகிவிட்டன. ஸ்டுடியோ அறையின் பூட்டிய கதவில் முதுகை அழுத்திக்கொண்டு அவள் நிற்க, எதிரே சித்தப்பா கையை நீட்டிக்கொண்டிருந்த இந்த நேரத்தில் அதுதான் அவள் காதில் கேட்டது.

"சாவியக் குடும்மா" என்றார் சித்தப்பா.

"காணோம் சித்தப்பா. தேடிட்டிருக்கேன்."

சாவி அவள் இடது கைக்குள் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. கதவில் சாய்ந்துகொண்டே என்ன தேடல் என்று சித்தப்பாவுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் இறந்தவரின் மகளிடம் அன்று குரலை உயர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. அவர் கையை இறக்கிக்கொண்டு, வேறு வழி பார்க்கலாம் என்று போய்விட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்த கூடம் ரயில் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக இருந்தது. வருகிறவர்கள் கட்டிலை உரசிக்கொண்டு நகர்ந்து, கடைசியில் சமையலறையில் போய் முட்டி, வந்த வழியே திரும்பி, எதிரே வருகிறவர்களின் காலை மிதித்தார்கள். வீட்டின் முன்பக்கம் இருந்த ஸ்டுடியோ அறையோ விசாலமானது. பெரிய குடும்பங்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டியது. தெருவைப் பார்த்த இரட்டைக் கதவும் அதற்கு உண்டு. அதைத் திறந்துவிட்டு அங்கே கிடத்தினால் வண்டி வாசலிலேயே வந்து நிற்கலாம். தெருக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே போக இந்த ஒரு கதவுதான் வழி.

அந்த அறையின் நடுவில் ஒரு மேஜை. மேஜையில் பாசி படிந்த கட்டையும் ஈரச் சருகுகளும் பரப்பிய பெரிய தட்டு. தட்டின் மேல் கவிழ்த்து வைத்த கறுப்புப் பேசின். பேசினுக்கு அடியில் உயிரோடு ஒரு பச்சை விரியன்.

இது அப்பாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். இப்போது அவளுக்கு மட்டும்.

காலையில்தான் அப்பா அதைக் கொண்டுவந்தார். இரவு முழுக்கப் பெய்த மழை விடிந்தபின் விட்டிருந்தது. மூங்கில் புதருக்குப் போய்வந்தவர் முழங்கால் வரை சேறோடு, துணிப்பையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றார். கண்ணில் ஒரு மினுக்கம். "கஸ்டமர் வந்திருக்காரு" என்று அவளிடம் மட்டும் கிசுகிசுத்தார். இருவருமாக மேஜையைத் தயார் செய்தார்கள். பேசினைக் கவிழ்த்துவிட்டு, ஜன்னலில் வெளிச்சம் சரியாக விழட்டும், கூப்பிடுகிறேன் என்றார். சமையலறை முக்காலியில் போய் உட்கார்ந்து டீ கேட்டார். அம்மா டீயை நீட்டியபோது வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. சுவரில் தலையைச் சாய்த்து, ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி புருவத்தைச் சுருக்கினார். அவ்வளவுதான்.

தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் என்றார். அம்மா நம்பவில்லை. நன்றாகப் பாருங்கள், பல் பட்ட இடம் எங்கேயாவது இருக்கும் என்று டாக்டரின் கையைப் பிடித்து அப்பாவின் கால் பக்கம் இழுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அம்மா ஒரு சாவுக்குத் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். வந்தது வேறொன்று. அதனாலேயே தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல அவள் முகம் இருந்தது.

வந்தவர்களும் நம்பவில்லை. தலைமாட்டில் நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள், பிறகு நகர்கிற சாக்கில் கால்மாட்டில் ஒரு கணம் தயங்கி, கணுக்காலை எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குனிந்தே பார்த்துவிட்டார். அம்மா போர்வையை இழுத்து இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டிருந்தாள். மூட மூட விலகியது. "பாம்புக்காரன் பாம்பாலதான் போவான்னு நெனச்சேன், பரவால்ல" என்று வாசலில் யாரோ யாரிடமோ சொன்னது உள்ளே வரை கேட்டது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் அந்தப் பெயர்தான். பாம்புக்காரன் பொண்ணு. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் பாம்பு வாசனை வருகிறது என்று ஒருத்தி இடம் மாற்றிக்கொண்டாள். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களைக் காது தெரிய உட்காரவைப்பாள். எல்லோருக்கும் பொதுவாக ஆணியில் தொங்கும் கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுப்பாள். கம்ப்யூட்டரில் பின்னணியை நீலமாக்கி, பருக்களை அழித்துக் கொடுப்பாள். மழைக்காலம் வந்தால் அப்பாவோடு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை.

பாம்பை ஒரு பேசினால் மூடினால் கொஞ்ச நேரம் விளிம்பை முட்டிப் பார்க்கும். அப்புறம் இந்த இருட்டே தேவலை என்று முடிவு செய்ததுபோல, கட்டையின் மேல் சுருண்டு, சுருளின் உச்சியில் தலையை வைத்துக்கொண்டு அமைதியாகிவிடும். அப்போது சத்தமில்லாமல் பேசினைத் தூக்க வேண்டும். வெளிச்சத்தைப் புரிந்துகொள்ளும் வரை அது அப்படியே இருக்கும். அந்த இடைவெளிக்குள் அப்பா படம் எடுத்துவிடுவார். பேசினைத் தூக்குவது அவள் வேலை. முதலில் தண்ணீர் தெளித்து மழைத்துளி உண்டாக்குவதும் அவள் வேலை. தவளையானால் பேசின் உதவாது. டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்து, விறைத்தபின் எடுக்க வேண்டும். ஒருமுறை ஒரு சின்ன மஞ்சள் தவளையை மறந்துபோனார்கள். அப்பா அதை உள்ளங்கையில் வைத்து வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், வாயால் ஊதிக்கூடப் பார்த்தார். அது அசையவில்லை. அடுத்த மழைக்கு மறுபடி டப்பாவை எடுத்தார்.

அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், இது சரியா அப்பா என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கல்யாணத்துல மாப்பிள்ளைய சிரிங்க சிரிங்கன்னு சொல்லித்தான எடுக்கறேன். அவன் தானாவா சிரிக்கறான்? அந்தப் படத்த யாராவது பொய்ங்கறாங்களா?" என்றார். சொல்லிவிட்டு லென்ஸ் வழியாகப் பாம்பைப் பார்த்து, சார், நாடியக் கொஞ்சம் தூக்குங்க என்றார். அவள் சிரித்துவிட்டாள். எடுத்து முடித்ததும், பிடித்த புதருக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அது நிஜம்.

அத்தை, அப்பாவின் அக்கா, கூடத்திலிருந்து வந்து அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லியே, அழுதுடும்மா, அடக்கி வச்சா உடம்புக்கு ஆகாது என்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையை அடக்கவில்லை. அழுகை வரவே இல்லை. அப்பா போய்விட்டார் என்பதை நினைக்கத் தொடங்கும்போதெல்லாம் நடுவில் கறுப்பாக அந்தப் பேசின் வந்து உட்கார்ந்துகொண்டது. அது மெல்லிய பிளாஸ்டிக். மேலே பாரம் எதுவும் வைக்கவில்லை. அப்பா இதோ வந்துவிடுவதாகத்தானே போனார்.

யாரிடமாவது சொல்லிவிடலாம். சொன்னால் இன்னொன்றும் வெளியே வரும். ஊரில் பாதிப் பேர் சுவரில் அப்பாவின் காலண்டர் படம் தொங்கியது. பாசிக்கட்டையில் மழைத்துளிகளோடு சுருண்டிருக்கும் பச்சை விரியன். தொடாமல், நகர்த்தாமல் எடுத்த படங்கள் மட்டும் என்று விதி போட்ட போட்டியில் முதல் பரிசு வாங்கியது. அதன் முன்னால் நின்றுதான் அந்த நடுவர் பெண்மணி அப்படிக் கேட்டார். சந்தேகமாகக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். சும்மா தலையாட்டியிருந்தால் போதும். எப்போதும் வாய் திறக்காத அவள் அன்று பார்த்து, "ஆமா, அப்பா காலையிலேருந்து காத்திருந்தாரு" என்றாள்.

பின்னால் நின்ற அப்பா அதைக் கேட்டார். மறுக்கவில்லை. அந்த வார்த்தையை அந்தப் பெண்மணி மேடையில் சொன்னார். பத்திரிகையில் வந்தது. அதற்கப்புறம் அப்பாவை அறிமுகப்படுத்துகிற எல்லோரும் அதையே சொன்னார்கள், ஒரு பாம்புக்காக நாளெல்லாம் காத்திருக்கிற மனுஷர் என்று. ஒருநாள் யாரிடமோ அப்பாவே அதைச் சொல்லிக்கொண்டிருப்பதை அவள் கேட்டாள். தன் வாயிலிருந்து போன ஒன்று அவர் வாயில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்க, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாசலில் சலசலப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு காட்டுக்குப் படமெடுக்கப் போகிற குழுவின் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் கடைசியாக உள்ளே வந்தவர் மருந்துக்கடை மாமா. ஒல்லியாக, உயரமாக, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நடப்பார். அப்பா அவருக்கு வைத்த பெயர் கொக்கு. நடைக்காக மட்டும் வைத்ததல்ல. அவர் நிஜமாகவே நிற்பார். ஓடைக்கரையில் ஒரு தவளையைப் பார்த்துவிட்டால், அது தானாகத் திரும்பும் வரை, கண்ணைத் திறக்கும் வரை, கால் மாற்றாமல் நிற்பார். மாத்திரை வாங்க வர்றவன் செத்தாலும் பரவாயில்லை, இவருக்குத் தவளை கண் முழிக்கணும் என்று அவர் மனைவி தெருவே கேட்கத் திட்டியிருக்கிறாள். ஒரு பிராணியையும் அவர் விரலால் தொட்டதில்லை. அதே போட்டிக்கு அவரும் ஒரு படம் அனுப்பியிருந்தார். இலைகளுக்குள் பாதி மறைந்த பாம்பு. ஒரு கண்ணும் வால்நுனியும் மட்டும் தெரியும், அதிலும் கொஞ்சம் கலங்கல். அதன் முன்னால் யாரும் நிற்கவில்லை.

அப்பாவுக்குப் பரிசு கிடைத்த மறுநாள் பழங்களோடு வந்து வாழ்த்தினார். ஸ்டுடியோ பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம், "நான் அரைநாள் நிப்பேம்மா, அப்புறம் கடை ஞாபகம் வந்துடும். அங்கதான் உங்கப்பா என்னைத் தாண்டிப் போயிடறாரு" என்றார். கேமராவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். திரும்ப எடுக்கவே இல்லை. அதைக் கேள்விப்பட்ட அன்று அப்பா, விடு, கொக்குக்கு வயசாயிடுச்சு என்றார். பிறகு அந்த நாள் முழுக்க ஏற்கெனவே சுத்தமாக இருந்த லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் அப்பாவின் தலைமாட்டில் நின்றார். கால்பக்கம் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். சித்தப்பாவிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். சித்தப்பா அவர் தோளைத் தொட்டு, தாராளமா பேசுங்க, உங்கள விட்டா யாரு என்றது கேட்டது. பிறகு மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"உங்கப்பாவப் பத்தி நாலு வார்த்தை பேசப்போறேம்மா. எனக்குச் சொல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஒரு உயிருக்காகக் காத்திருந்தாரு, அத ஒரு விரலால தொடல. எங்க குழுவோட ஹால்ல அவர் படத்துக்குக் கீழயும் அதையே எழுதிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. உனக்குச் சம்மதந்தான?"

அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் சித்தப்பா ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பி வந்தார். பக்கத்து வீட்டில் வாங்கியது. பூட்டை உடைத்தால் அபசகுனமாக இருக்கும், கீலைக் கழற்றிவிட்டால் கதவு தானாக வந்துவிடும் என்றார். திருகுகளில் பெயின்ட் அப்பியிருந்தது. அதைச் சுரண்ட ஒரு கத்தி வேண்டும் என்று சமையலறைக்குப் போனார்.

"மாமா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றாள். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் சாவியைப் போட்டுத் திறந்து, அவரை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் அறை சுத்தமாக, எதற்கோ தயாராக இருந்தது. நீலத் திரை, கண்ணாடி, நூலில் கட்டிய சீப்பு, கோட்டு. நடுவில் மேஜை. பேசின் வைத்த இடத்திலேயே இருந்தது.

உள்ளே வரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தாள். யாருடைய வீட்டுக்குள்ளோ பாம்பு வந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள், அப்பா காலையில் பிடித்து வந்தார், காட்டில் விடுவதற்குள் இப்படி ஆகிவிட்டது. கூட்டத்துக்குத் தெரிந்தால் அடித்துவிடுவார்கள், நீங்கள்தான் உதவ வேண்டும். சொல்லிவிட்டாள். தடுமாறாமல் சொன்னாள். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர் நம்பிவிட்டார். மேஜையைச் சுற்றி வந்து தட்டையும் பாசியையும் சருகையும் பார்த்தார். இனி என்ன கேட்பாரோ என்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கண் கலங்கியது.

"பாத்தியாம்மா. விடறதுக்கு முன்னாடி அது மிரளக்கூடாதுன்னு காட்டையே கொண்டாந்து வச்சிருக்காரு. எவன் செய்வான் இத?"

அவளுக்குக் காது வரை சூடேறியது. அவர் சந்தேகப்பட்டிருந்தால் இன்னொரு பொய்யைத் தேடியிருப்பாள். சண்டை போட்டிருந்தால் அப்பாவுக்காக எதிர்த்துப் பேசியிருப்பாள். அவரோ அவள் சொன்ன பொய்க்குத் தானே ஒரு நல்ல அர்த்தம் கண்டுபிடித்து, அதையும் எடுத்துக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் பேசப்போகிறார். இனி இதையும் சேர்த்துத்தான் சொல்வார். சாகிற அன்று காலையிலும்கூட என்று தொடங்குவார்.

அவள் பேசினின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். பழகிய கை. சத்தமில்லாமல் நேராகத் தூக்கினாள்.

விரியன் கட்டையின் மேல் சுருண்டிருந்தது. ஒரு சுருளும் மற்றதைவிடப் பெரிதில்லை. உச்சியில் தலை. பச்சையில் மஞ்சள் ஓடிய உடம்பில் அவள் காலையில் தெளித்த தண்ணீர் ஒன்றிரண்டு துளி இன்னும் காயாமல் இருந்தது. காலண்டரில் இருப்பது போலவே இருந்தது. மாமா ஓரடி பின்னால் போனார். அப்புறம் அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு கிட்டத்தில் முழுசாக ஒரு விரியனை அவர் பார்த்ததில்லை.

"இப்பதான் மாமா அப்பா எடுப்பாரு" என்றாள்.

அவர் பாம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் என்ன என்றார்.

அவள் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. பேசின் எதற்கு, தண்ணீர் தெளிப்பது யார், ஃபிரிட்ஜில் எது என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அப்பா எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று நடுவில் இரண்டு தடவை சொன்னாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, கட்டையின் ஒரு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கண் மாதிரி ஒரு முடிச்சு இருந்தது. காலண்டர் படத்திலும் அது உண்டு.

"அந்தப் படம்?" என்றார்.

இல்லை, அது மட்டும் காட்டில் எடுத்தது என்று சொல்லிவிட இன்னும் வழி இருந்தது. அவர் அதற்காகவே கேட்டது போலவும் இருந்தது.

"அதுவும் இங்கதான் மாமா. இந்தக் கட்டைதான். காத்திருந்தாருன்னு சொன்னது நான்தான். அப்பா சொல்லல, நான்தான் சொன்னேன்."

விரியன் நாக்கை நீட்டியது. சுருள் ஒரு பக்கம் இளகியது. வெளிச்சம் அதற்குப் புரிந்துவிட்டது. அவள் மூலையில் அப்பா வைத்திருந்த மூடி போட்ட வாளியை எடுத்து, மூடியைக் கழற்றி, சாய்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் பிடித்தார். அப்பாவின் கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்தாள். தூக்குவது எப்போதும் அப்பா, அவள் பார்த்தது மட்டும்தான். கம்பியைச் சுருளுக்கு அடியில் நுழைத்தாள், நழுவியது. இரண்டாம் முறை பாம்பு கம்பியில் வாலைச் சுற்றிக்கொண்டு, தலையை மாமாவின் கைப்பக்கம் திருப்பியது. அவர் கை அசையவில்லை. கம்பியை வாளிக்குள் சாய்த்து ஆட்டினாள். பொத்தென்று விழுந்தது. மூடினாள். மூடியில் காற்றுக்காக அப்பா போட்டிருந்த ஓட்டைகளில் விரல் படாமல் அமுக்கினாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கதவின் கீலில் கத்தி சுரண்டும் சத்தம் கேட்டது.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். சித்தப்பா கத்தியும் கையுமாக நின்றார். சாவி கிடைத்துவிட்டதா என்றார். கிடைத்துவிட்டது என்றாள். நல்லதாகப் போயிற்று, இந்தத் திருகு அசைகிற மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆட்களைக் கூப்பிட்டார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்வாசல் நடைக்குப் போய், நிழல் பார்த்து வைத்து, மூடியின் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குள் மேஜை ஓரமாகப் போயிருந்தது. தெருக்கதவு இரண்டும் திறந்துகிடந்தன. வந்த பூக்களை எல்லாம் எதில் போடுவது என்று தவித்துக்கொண்டிருந்த அத்தை கறுப்புப் பேசினைக் கண்டுபிடித்து, நல்ல அகலமா இருக்கு என்று கழுவித் துடைத்து, பூவை நிரப்பி அப்பாவின் கால்மாட்டில் வைத்தாள். இப்போது யாருக்கும் கணுக்கால் தெரியவில்லை. நீலத் திரைக்கு முன்னால் அப்பா படுத்திருந்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, முதல் தடவையாகப் போர்வையை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா எங்கே போனாரென்று அவள் தேடினாள். சுவரோரமாக, குழுவின் ஆட்களுக்கு நடுவில் நின்றார். அவர் பேசினால் என்ன பேசுவார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நிஜத்தைச் சொன்னால் அம்மா இந்தத் தெருவில் எப்படி நடப்பாள். பழையதையே சொன்னால், தெரிந்த பிறகும் அந்தப் பொய்யை அந்த வாயிலிருந்து கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது. அவர் எதைச் சொல்ல வேண்டும் என்று தான் விரும்பினாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமிவிட்டு, அண்ணனோட ரொம்ப நாள் சினேகிதர் இப்ப ரெண்டு வார்த்தை பேசுவாரு என்றார். பேச்சுச் சத்தம் அடங்கியது. தெருவில் நின்றவர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

மாமா முன்னால் வந்தார். அப்பாவின் முகத்துக்கு நேராக நின்றார். கையைப் பின்னால் கட்டி, பிறகு அவிழ்த்தார். உதடு பிரிந்தது. எல்லோரும் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார்கள். அவர் அப்பாவைப் பார்த்தபடியே நின்றார். ஓடைக்கரையில் நிற்கிற மாதிரி, கால் மாற்றாமல், அப்பா ஏதாவது சொல்லட்டும் என்பதுபோல. யாரோ இருமினார்கள். சித்தப்பா நெளிந்தார். பிறகு அவர் உதட்டை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கூட்டம் தானாக விட்ட வழியில் உள்பக்கமாக நடந்து போய்விட்டார்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. அப்புறம் குழுவில் ஒருவர் வாய்விட்டே அழுதுவிட்டார். துக்கம் தொண்டையை அடச்சிடுச்சு பாரு என்றது ஒரு குரல். இதுக்கு மேல என்ன பேச்சு வேணும் என்றது இன்னொன்று. அம்மா அவள் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா. அவரால பேசவே முடியல. எவ்வளவு பாசம்."

அம்மா அழ ஆரம்பித்தாள். அவள் அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, எல்லோரும் தன்னைப் பார்ப்பதால், தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவள் சொன்ன பொய்களில் அதுதான் கடைசி.

அம்மாவிடமிருந்து விடுவித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனபோது கல் மட்டும் தரையில் கிடந்தது. அத்தை அங்கே ஒரு குடத்தோடு நின்று பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மருந்துக்கடைக்காரர் நம்ம வாளிய எடுத்துட்டுப் போறாரே. என்ன ஏதுன்னு கேட்டேன், ஒரு வார்த்தை சொல்லல."

அவள் படியில் இறங்கிப் பார்த்தாள். அவர் மூங்கில் புதர் பக்கம் போகிற சந்தில் நடந்துகொண்டிருந்தார். மழை விட்ட வெயில் சுள்ளென்று அடித்தது. வலது கையில் வாளி, காலில் இடிக்காமல் தள்ளிப் பிடித்திருந்தார். இடது கையில் குடை விரித்திருந்தார். வாளி நடையில் ஆடிவிடக்கூடாது என்று ஒவ்வொரு அடியாக வைத்து, வெயில் பிடரியில் விழ, குடையைச் சாய்த்து வாளிக்குப் பிடித்துக்கொண்டு, சந்தின் திருப்பம் வரை போய் மறைந்தார்.